அறை ஆறு, கதவு திறந்துள்ளது

ஜெகதீஸ்வரி எழுதும் வாக்கியம் எதுவும் நாற்பது எழுத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் திரையின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகும். 'பம்ப் 2 சூடு அதிகம். நிறுத்தவும்.' 'தொட்டி 4 நீர் குறைவு. வால்வைப் பார்.' தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு ஏதாவது நேர்ந்தால், அதை இயக்குபவரின் முன்னால் இருக்கும் திரையில் சிவப்புப் பட்டையாக ஒரு செய்தி வந்து நிற்கும். அந்தச் செய்தியை எழுதி, எது நடந்தால் எது வர வேண்டும் என்று கணினியில் அமைத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, கேட்டால் தமிழிலும் ஒன்று. எட்டு வருஷத்தில் பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலுமாக முப்பது ஆலைகளுக்கு மேல் அவள் எழுதியது ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்காத எழுத்து.

வயது முப்பத்தொன்பது. பிறந்தது தாசேக் கெலுகோரில். பள்ளி முடித்த கையோடு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தாள். மூன்று ஷிப்ட். அங்கே அவள் நின்ற இயந்திரம் அடிக்கடி நின்றுவிடும். திரையில் 'E3071' என்று மட்டும் காட்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல டெக்னீஷியன் வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை லைன் லீடரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இயந்திரம் தனக்கு என்ன நோவு என்று சொல்கிறது, ஆனால் மனுஷருக்குப் புரியாத பாஷையில் சொல்கிறது என்பது அவளுக்கு ஆத்திரமாக வரும். 555 என்கிற சின்னக் குறிப்பு நோட்டு ஒன்று வாங்கி, எந்த எண் வந்தால் டெக்னீஷியன் எதைத் தட்டினார், எதைத் துடைத்தார் என்று எழுதி வைத்தாள். ஆறு மாதத்தில் அந்த நோட்டு லைன் லைனாகக் கைமாறியது. பிறகு பகுதிநேரமாக நான்கு வருஷம் படித்து டிப்ளோமா வாங்கினாள். முப்பத்தொரு வயதில், ஜாலான் பேராக்கில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆறு பேரோடு கம்பெனி நடத்திய பேட்ரிக்கிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கணவன் கோகிலனுக்கு ஆயர் ஈத்தாமில் மோட்டார் பட்டறை. வீடு பாயா தெருபோங் ஃபிளாட்டில், பதினான்காவது மாடியில்.

கடந்த வருஷம் ஜெலுத்தோங்கில் கடலை ஒட்டி இருந்த ஒரு குளிர்கிடங்கு தன் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளை எல்லாம் மாற்றியது. மீனும் இறாலும் உறைய வைத்து வெளியூருக்கு அனுப்பும் இடம். எட்டு அறைகள், நீள வராந்தா ஒன்று, வராந்தாவைப் பார்த்தபடி ஒவ்வொரு அறைக்கும் ஒரு கனமான கதவு. அறைகளைக் குளிர வைப்பது அமோனியா. குழாய்க்குள் ஓடும்வரை அது சாது. வெளியே வந்துவிட்டால் கண்ணையும் தொண்டையையும் பொசுக்கிவிடும்.

அந்தக் கிடங்கின் திரைக்கு ஜெகதீஸ்வரி எழுத வேண்டியிருந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள். பெரும்பாலானவை, கம்பெனி ஏற்கெனவே பல இடங்களில் போட்டு ஓட்டிச் சரிபார்த்த பட்டியலிலிருந்து எடுத்தவை. கடைசிப் பதினாறு மட்டும் புதிது. எட்டு அறைக்கும் அமோனியாவை முகர்ந்து சொல்லும் கருவி எட்டு. கப்பலில் தாமதமாக வந்து சேர்ந்தன. ஒரு கதவு மூன்று நிமிஷத்துக்கு மேல் திறந்து கிடந்தால் சொல்லும் செய்தி எட்டு. முதல் எட்டு இடத்தில் அமோனியா, அடுத்த எட்டு இடத்தில் கதவு, இரண்டும் அறை வரிசைப்படி என்று ஜெகதீஸ்வரி அழகாக அடுக்கினாள்.

ஒப்படைக்க வேண்டிய நாள் வந்தது. அமோனியாக் கருவிகளை விற்றவர்கள் சோதனைக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவள் தன் மடிக்கணினியிலேயே பொய்யாக ஒவ்வொன்றையும் தூண்டிப் பார்த்தாள். எல்லாச் செய்தியும் சரியாக வந்தது. ஆனால் சோதனைத் தாளில், 'உண்மையான வாயுவால் சோதிக்கப்பட்டது' என்ற வரிக்கு எதிரே எட்டுக் கட்டங்கள் காலியாக இருந்தன.

"டிக் போட்டுரு ஜெகா," என்றார் பேட்ரிக். "அடுத்த வாரம் அவங்க வந்து பாக்கத்தான் போறாங்க. இன்னைக்கு சைன் வாங்கலன்னா திரும்ப ஒரு மாசம் இழுப்பாங்க லா."

அவள் பேனாவை எடுத்து எட்டு டிக் போட்டாள். போடும்போது கை ஒரு தரம் நின்றது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்தே தொல்லை தொடங்கியது. 'அறை 3 அமோனியா கசிவு. வெளியேறவும்.' ஊதல் ஊத, எல்லாரும் வெளியே ஓடினார்கள். வாசனையே இல்லை. ஐந்து நிமிஷத்தில் செய்தி தானாக மறைந்தது. பிற்பகலில் அறை 1. மறுநாள் அறை 4, அறை 2, மறுபடியும் அறை 3. கருவி விற்றவர்களின் ஆள் வந்து, ஒவ்வொரு கருவியின் மூக்கிலும் வாயுப் புட்டியைப் பிடித்து, கருவியின் சின்னக் கண்ணாடியில் எண் ஏறுவதைப் பார்த்துவிட்டு, கருவி நன்றாக இருக்கிறது, பழைய கட்டடம் அல்லவா, எங்காவது கொஞ்சம் மிச்சம் மீதி வாயு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊதல் ஊதக்கூடாது என்று திரைக்குப் போகும் இணைப்பைக் கழற்றி வைத்தே அவர் சோதித்தார்; திரையில் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை. யாரும் பார்க்கச் சொல்லவுமில்லை.

கிடங்கின் மேலாளர் நூருல் என்ற பெண்மணி பொறுமைசாலி. அவரே பத்தாம் நாள் பேட்ரிக்கைக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தினார். ஒரு நாளைக்கு நாலு தடவை ஆட்களை வெயிலில் நிறுத்தினால் இறாலை யார் ஏற்றுவது? விற்றவர்கள் மறுபடி வரும்வரை அந்த ஊதலையாவது நிறுத்துங்கள்.

"அது கேஸ் அலாரம் பாஸ்," என்றாள் ஜெகதீஸ்வரி. "அதை எப்படி அடக்குறது?"

"அடக்க வேணாம். மெசேஜ் வரட்டும். ஊதாம வரட்டும். ரெண்டே வாரம்."

கிடங்குக்குப் போய், அமோனியா எட்டையும் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினாள். ஊதல் போயிற்று. வெளியேறவும் என்ற சொல்லையும் எடுத்துவிட்டாள். கட்டுப்பாட்டு அறையில் அப்போது இருந்தவர் ராமதாஸ். இருபத்தாறு வருஷமாக அந்தக் கிடங்கை ஓட்டுகிறவர். புதுத் திரையை அவருக்குப் பிடிக்கவில்லை என்றாலும் ஜெகதீஸ்வரியைப் பிடித்திருந்தது.

"ஜெகா, ஒன்னு கவனிச்சியா? லோரி வந்து சாமான் ஏத்துறப்பத்தான் இந்தக் கேஸ் வருது லா. லோரி இல்லாத நேரம் சத்தமே இல்ல."

"லோரிப் புகை பட்டு அப்படிக் காட்டுதோ என்னமோ அண்ணே. விக்கிறவங்ககிட்ட சொல்றேன்."

சொல்லவும் செய்தாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். அலுவலகத்தில் அவளும் பேட்ரிக்கும் மட்டும். மறுநாள் கருவி விற்றவர்களோடு கூட்டம் இருந்ததால், இதுவரை எத்தனை பொய்ச் செய்தி வந்தது என்று கணக்கெடுக்க, கிடங்கின் பதிவேட்டைத் தன் கணினியில் இறக்கிப் பார்த்தாள். அறை வாரியாகப் பிரித்தாள். அமோனியா, அறுபத்தொன்று. கதவு, பூஜ்யம்.

முதலில் அந்தப் பூஜ்யத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பிறகு கண் திரும்பி அதிலேயே வந்து நின்றது.

பூஜ்யமா? பதினெட்டு நாள். நாளுக்கு ஏழெட்டு லோரி. ஒரு லோரிக்கு இருபது நிமிஷம் ஏற்றுகிறார்கள். ஒரு கதவுகூடவா மூன்று நிமிஷத்துக்கு மேல் திறந்து கிடக்கவில்லை?

லோரி வந்து சாமான் ஏத்துறப்பத்தான் இந்தக் கேஸ் வருது லா.

கட்டுப்பாட்டுக் கருவி செய்திகளைப் பதினாறு பதினாறாகக் கட்டி அனுப்பும். அந்தக் கிடங்கில் வைத்த கருவி, ஒவ்வொரு பதினாறையும் இரண்டு எட்டாகப் பிரித்து, பின் எட்டை முன்னால் வைத்து அனுப்புகிற வகை. அவளுக்குத் தெரியாததல்ல. கம்பெனியின் பழைய பட்டியலில் அதற்கான மாற்றம் ஏற்கெனவே இருந்தது. கடைசிப் பதினாறைத்தான் அவள் கையால் அடித்தாள். மாற்றாமல் அடித்தாள். கதவு திறந்தால் அமோனியா என்று வந்தது. அப்படியானால் அமோனியா கசிந்தால்?

கிடங்கின் திரையை அலுவலகத்திலிருந்து பார்க்க மட்டும் முடியும், தொட முடியாது. அதைத் திறந்தாள். மஞ்சளில் 'அறை 2 அமோனியா கசிவு' என்று ஒன்று. அது கதவு, அதில் ஒன்றுமில்லை. மூச்சு விட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு மேலே இன்னொரு பட்டை விழுந்தது.

'அறை 6 கதவு திறந்துள்ளது. மூடவும்.'

பதினெட்டு நாளில் முதல் கதவுச் செய்தி.

சில நொடிகளில் அந்தப் பட்டையின் மினுக்கம் நின்றது. அங்கே யாரோ 'பார்த்தேன்' பொத்தானை அழுத்திவிட்டார்கள். ராமதாஸ். அவர் ஒழுங்கானவர். மூடவும் என்று திரை சொன்னால் உடனே ஆளை அனுப்புவார்.

நூருலின் கைப்பேசியை அழைத்தாள். பேசிக்கொண்டிருந்தது. ராமதாஸின் கைப்பேசி அணைந்திருந்தது. உணவுப் பொருள் இருக்கும் இடம் என்பதால் எல்லாரும் ஃபோனைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் மேசைத் தொலைபேசி எண் மேசையில் எங்கோ ஒரு தாளில் இருந்தது. தாள்களை வாரி இறைத்துத் தேடினாள். பேட்ரிக் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஜெகா?"

"பாஸ், நூருலுக்கு அடிச்சுக்கிட்டே இருங்க. அறை ஆறுல கேஸ். போம்பாவையும் கூப்பிடுங்க."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்!"

எண் கிடைத்தது. மணி அடித்தது. எடுக்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். விரல் ஒரு எண்ணைத் தப்பாகத் தொட்டது. மறுபடி. நான்காவது மணியில் எடுத்தார்.

"ஹலோ, கண்ட்ரோல் ரூம்."

"அண்ணே, ஜெகா பேசுறேன். அறை ஆறுக்கு யாரையும் அனுப்பாதீங்க!"

"இப்பத்தான் கிஷனை அனுப்பிட்டு வந்து உக்கார்றேன். கதவு தொறந்து கெடக்காம். என்னா விஷயம்?"

"அது கதவு இல்லண்ணே. கேஸ்!"

"கேஸ்னா கேஸ்னு வருமே மா. இந்தா, அறை ரெண்டுல மஞ்சளா வந்து நிக்குது. தினம் வர்றதுதானே."

விளக்க ஐந்து நிமிஷமாவது வேண்டும். ஐந்து நிமிஷம் இல்லை. கிஷன் ஓட்டும் போர்க்லிஃப்டில் வராந்தாவின் கடைசிக்குப் போக ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"அண்ணே, நான் மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. கதவுன்னு வந்தா அதுதான் கேஸ். கிஷன் உள்ள போனா செத்துருவான்."

அந்தப் பக்கம் தொலைபேசி மேசையில் விழும் சத்தம். ஒலிபெருக்கியில் ராமதாஸின் குரல் உடைந்து கேட்டது. "கிஷன்! ஆறுக்குப் போகாத! வெளிய வா! கெலுவார்! எல்லாரும் கெலுவார்!" அதையே மூன்று தடவை சொன்னார். நாற்காலி விழுந்தது. காலடிகள் ஓடின. அதற்குப் பிறகு திறந்து கிடந்த தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறையின் விசிறிச் சத்தம் மட்டும்.

ஜெகதீஸ்வரி காதில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிஷனை அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வயது. குளிர் அறைக்குப் போகும்போது தடித்த சட்டையின் தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொள்வான். ஒலிபெருக்கி எங்கே கேட்கப் போகிறது?

தூரத்தில் ஒரு பெண் குரல் கத்தியது. கம்ப்ரஸரை நிறுத்து என்று மலாயில். நூருலாக இருக்க வேண்டும். பிறகு இருமல். சாதாரண இருமல் அல்ல, நுரையீரலே வெளியே வருவதுபோல. அது நெருங்கி வந்து, விலகிப் போயிற்று.

தொலைபேசியைப் பேட்ரிக் கையில் திணித்துவிட்டு மாடிப்படி இறங்கினாள். மோட்டார் சைக்கிளை எடுத்தாள். ஜெலுத்தோங் சாலையில் அந்த நேரத்துக்கே நெரிசல். வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனாள். ஒரு காரின் கண்ணாடியில் உரசியதற்கு ஒருவர் ஹார்ன் அடித்தது காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஒன்பது நிமிஷத்தில் கிடங்கின் வாசல்.

வாசலிலேயே காற்று மூக்கைக் குத்தியது. கார் நிறுத்தும் இடத்தில் ஆட்கள் வெயிலில் கூட்டமாக நின்றார்கள். கைகழுவும் குழாயடியில் கிஷன் முழங்காலிட்டிருந்தான். ராமதாஸ் அவன் தலையைப் பிடித்து, இமையை விரலால் விரித்து, ரப்பர் குழாயால் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்தில் முகமூடி தொங்கியது. பையன் அலறவில்லை. மூச்சு இழுப்பதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

போம்பாவின் தீயணைப்பு வண்டி அப்போதுதான் வந்து நின்றது. அதிகாரி இறங்கி நூருலிடம் எத்தனை பேர் என்று கேட்டார். நூருல் தாளைப் பார்த்து இரண்டு முறை எண்ணினார். முப்பத்து நான்கு இருக்க வேண்டும். முப்பத்திரண்டுதான். பொட்டலம் கட்டும் பெண்கள் இருவரைக் காணோம். கடைசியாக அறை இரண்டில் பெட்டி எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

வாசலை ஒட்டிய அலுவலக அறையில் இன்னொரு திரை உண்டு. எல்லாரும் அதன் முன்னால் போனார்கள். 'அறை 6 கதவு திறந்துள்ளது', 'அறை 7 கதவு திறந்துள்ளது' என்று சிவப்பில் இரண்டு. கீழே மஞ்சளில் 'அறை 2 அமோனியா கசிவு'. அதிகாரி அறை இரண்டின் மேல் விரலை வைத்தார். மேற்கு வாசலை ஒட்டிய அந்த அறையில்தான் வாயு என்றால் அந்த வழியாகப் போக முடியாது. முழு உடுப்பும் போட்டு, கிழக்கு வாசலிலிருந்து வராந்தா நெடுகச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த உடுப்புக் கொண்டுவரும் வண்டி இன்னும் பினாங்குப் பாலத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

ஜெகதீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மலாயில் சொன்னாள். "இந்தத் திரை தலைகீழாக இருக்கிறது, துவான். கதவு என்று வருவதெல்லாம் வாயு. வாயு என்று வருவதெல்லாம் கதவு. வாயு ஆறிலும் ஏழிலும். அறை இரண்டில் கதவு மட்டும்தான் திறந்திருக்கிறது. கிழக்குப் பக்கம் போகாதீர்கள். மேற்குப் பக்கம் போங்கள்."

"யார் நீங்க?"

"இதை எழுதினது நான்."

நூருல் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததற்கு ஜெகதீஸ்வரியால் பேர் வைக்க முடியவில்லை. கோபம் வருவதற்கு முந்தைய நிலை அது.

"பாஸ்தி?" என்று கேட்டார் அதிகாரி. உறுதியா?

இந்த எட்டு அறைக்கும் உறுதி என்று அவள் ஏற்கெனவே ஒரு தாளில் டிக் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்த உறுதியின் விலை குழாயடியில் முழங்காலிட்டு இருமிக்கொண்டிருந்தது. மனதுக்குள் பதினாறு இடங்களையும் மறுபடி வரிசையாக எண்ணினாள். முன் எட்டு, பின் எட்டு. இரண்டாவது இடம், பத்தாவது இடம். ஒரு முறை. இன்னொரு முறை.

"பாஸ்தி," என்றாள்.

நான்கு பேர் முகமூடியோடு மேற்கு வாசலில் நுழைந்தார்கள். அவள் திரைமுன் நின்றாள். ஏழுக்குப் பக்கத்தில் 'அறை 8 கதவு திறந்துள்ளது' என்று புதிதாக ஒன்று விழுந்தது. "எட்டுக்கும் பரவிடுச்சு," என்றாள். அதிகாரி வாக்கிடாக்கியில் உள்ளே இருப்பவர்களிடம் சொன்னார். ஒன்றிலிருந்து ஐந்துவரை சிவப்பு எதுவும் வரவில்லை. வராமல் இருக்க வேண்டும் என்று அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். நான்கு நிமிஷம் என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியாது.

இரண்டு பெண்களும் நடந்தே வந்தார்கள். குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் வெள்ளையாகப் புகைபோல் எழுவதைப் பார்த்துப் பயந்து, பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்களாம். போகிற அவசரத்தில் விட்ட தள்ளுவண்டி ஒன்று கதவை மூடவிடாமல் பிடித்திருந்தது.

கிஷனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ராமதாஸ் கூடப் போக ஏறியவர், படியில் நின்று ஜெகதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது.

அறை ஆறின் கூரையோரம் குழாய் இணைப்பு ஒன்று விரிந்துபோயிருந்ததாகப் பிறகு கண்டுபிடித்தார்கள். கசிவு யாருடைய குற்றமும் இல்லை, பழைய இரும்பு. ஆனால் கசிவைக் கதவு என்று சொன்னது பழைய இரும்பு இல்லையே.

மறுநாள் காலையில் பேட்ரிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள், அதற்குமுன் அறிக்கை ஒன்று எழுதிவிட வேண்டும்.

"கண்ட்ரோலருக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல கம்யூனிகேஷன் ஃபால்ட்னு போட்டுக்கலாம். அது பொய் இல்லயே."

"பொய்தான் பாஸ். அது சொன்னதைச் சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் தப்பா எழுதினேன்."

"நீ மட்டும் எழுதல. நான்தான் டிக் போடச் சொன்னேன்."

"போட்டது என் கை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஞாயிறுதோறும் தேவாலயப் பூசைக்குப் போகிற மனிதர். கெட்டவர் இல்லை. ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர். "உன் பேரு போனா எங்கயும் வேலைக்குச் சேத்துக்க மாட்டாங்க ஜெகா. யோசி."

யோசித்தாள். வீட்டில் கோகிலன் அவள் முன்னால் சாப்பாட்டை வைத்துவிட்டு, "பிரேக்கை நான் தப்பா மாட்டி விட்டா, ரோடு சரியில்லன்னு சொல்லலாம்தான். ஆனா அதே மாதிரி இன்னும் நாலு வண்டியில மாட்டியிருக்கேனான்னு யாரும் பாக்க மாட்டாங்க," என்றான். அது அவளைச் சுரீரென்று தைத்தது. அந்தப் பதினாறைப் போலக் கையால் அடித்தது வேறு எங்கெல்லாம் இருக்கிறது? சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, எட்டு வருஷத்துப் பட்டியல்களை எடுத்தாள். சனியும் ஞாயிறும் அதிலேயே போயின. நிபோங் திபாலில் ஓர் எண்ணெய்ப்பனை ஆலையில், கொதிகலனுக்கான கட்டு ஒன்று இதே மாதிரி இருந்தது. திங்கள் காலை அங்கே ஃபோன் அடித்துச் சொன்னாள். அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, அங்கே இருக்கும் கருவி வேறு வகை, எல்லாம் சரியாக வருகிறது என்றார்கள். நாற்காலியில் சாய்ந்து, முதல் முறையாக அழுதாள்.

அறிக்கையை அவளே எழுதினாள். என்ன தப்பு, எப்போது செய்தாள், எந்தக் கட்டங்களில் சோதிக்காமல் டிக் போட்டாள், ஊதலை எப்போது எடுத்தாள், ராமதாஸ் லோரி பற்றிச் சொன்னதை எப்படித் தள்ளிவிட்டாள். எல்லாம் சின்ன வாக்கியங்களாகவே வந்தன. பேட்ரிக் நீண்ட நேரம் படித்தார். கடைசியில் பேனா எடுத்து, டிக் போடச் சொன்னது நான் என்று ஒரு வரியைத் தன் கையெழுத்தில் சேர்த்துக் கையொப்பமிட்டார். பிறகு அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

கிஷனைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது ஐந்தாம் நாள். இடது கண்ணில் கட்டு. தொண்டை இன்னும் தேறவில்லை. குரல் காற்றாக வந்தது. ஒரு மாதத்தில் பார்வை திரும்பிவிடும், முழுக்கத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் அம்மா தனலெட்சுமி கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஜெகதீஸ்வரி யார் என்று சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

"கதவு தொறந்துருக்குன்னு சொன்னாங்க," என்றான் கிஷன். "மூடத்தான் போனேன். மூடியிருந்துச்சு. சரி, நல்லா மூடலயோன்னு தொறந்து பாத்தேன் அக்கா."

மூடிய கதவு. அதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவள் எழுதிய வாக்கியம்தான் அவனை அந்தக் கதவைத் திறக்க வைத்தது.

"என்னை மன்னிச்சுரு தம்பி," என்றாள்.

அவன் ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ராமதாஸ் அண்ணன் சொன்னாரு, நீங்க ஃபோன் அடிக்கலன்னா என்னைத் தேடி யாரும் வந்துருக்க மாட்டாங்கன்னு. ரெண்டையும் எப்படிச் சேத்து நெனைக்கிறதுன்னு தெரியல அக்கா."

மூன்று வாரம் கழித்துக் கிடங்கை மறுபடி திறக்க அனுமதி வந்தது. எல்லாச் செய்தியையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். பேட்ரிக் வேறொருவரை அனுப்பலாம் என்றார். நூருல் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்கதான் வரணும். தப்பு எங்கேன்னு தெரிஞ்ச ஆள் அவங்கதான்."

கருவி விற்றவர்களின் ஆள் வாயுப் புட்டியோடு அறையறையாகப் போனார். கட்டுப்பாட்டு அறையில் ராமதாஸ் திரைமுன் உட்கார்ந்தார். ஜெகதீஸ்வரி தாளோடு பின்னால் நின்றாள். திரையில் என்ன வந்தாலும் அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அறையில் இருப்பவர் வாக்கிடாக்கியில் தான் எங்கே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும், இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் டிக். ஒன்று முதல் ஐந்துவரை முடிந்தது.

"அறை ஆறு. கேஸ் விட்டாச்சு," என்றது வாக்கிடாக்கி.

திரை காலியாக இருந்தது. பத்து நொடி. இருபது. ராமதாஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வாசலில் நின்ற நூருல் கையைக் கட்டிக்கொண்டார். முப்பத்தைந்து நொடி. சிவப்புப் பட்டை விழுந்து ஊதல் கிழித்துக்கொண்டு ஊதியது.

"அறை ஆறு, அமோனியா கசிவு. உள்ளே போகாதே," என்று ராமதாஸ் உரக்கப் படித்தார். மலாயில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். படித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். ஆம்புலன்ஸ் படியில் நின்று பார்த்த அன்றைக்குப் பிறகு, அவர் அவளை நேராகப் பார்ப்பது அப்போதுதான். "போடு மா," என்றார்.

அவள் டிக் போட்டாள்.

ஏழும் எட்டும் முடிந்தபோது மணி நான்கரை. கைப்பேசியைப் பெட்டியிலிருந்து எடுக்க வாசலுக்கு வந்தபோது கோகிலனின் அழைப்பு வந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுச்சா?"

"கேஸ் எட்டும் முடிஞ்சுச்சு. கதவு எட்டு இருக்கு. நீ சாப்பிடு, நான் வர நேரமாகும்," என்று சொல்லிவிட்டு, ஃபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.